பார்டர் சார் வரைந்த பாதிரியார்

என் மச்சானை, அதாவது என் மனைவியின் அண்ணனை, அவர் அலுவலகத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "பார்டர் சார்" என்றுதான் கூப்பிடுவார்கள். தபால்தலை வரையும் பிரிவில் முப்பத்தோரு வருஷம் குப்பை கொட்டியவர். நான்கு ஓரமும் ஓடும் கொடி, கோடு, மூலையில் விலையைக் காட்டும் எண், இவ்வளவுதான் அவர் கைவேலை. நடுவில் வரும் முகத்தை வேறு யாராவது வரைவார்கள். அதற்காக மனுஷன் ஒருநாளும் மூக்கால் அழுததில்லை. ஆனால் ஒரே ஒரு முகமாவது தன் கையால் வரைந்துவிட வேண்டும் என்று அவர் ஏங்கியது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். ஓய்வு பெற எட்டு மாதம் இருக்கும்போது அந்த வாய்ப்பு வந்தது.

வந்தது ஒரு பாதிரியார் ரூபத்தில். இருநூறு வருஷத்துக்கு முன்னால் கப்பலேறி வந்தவர் அவர். மதம் சொல்ல வந்த இடத்தில் மொழியில் விழுந்துவிட்டார். கையில் அகப்பட்டதையெல்லாம் தூக்கிக் காட்டி "இது என்ன, அது என்ன" என்று சந்தையில் இருந்தவர்களை நச்சரித்து, பேச்சுத் தமிழுக்கு ஓர் அகராதியும் ஓர் இலக்கண நூலும் எழுதி முடித்தார். அவருக்குத் தபால்தலை வெளியிடலாம் என்று முடிவானபோதுதான் அவருக்கு ஒரு படம்கூடக் கிடையாது என்று தெரிந்தது. மற்ற ஓவியர்கள் நைசாகக் கழன்றுகொண்டார்கள். மச்சான் கையைத் தூக்கினார்.

அன்று சாயங்காலமே என் சலூனில் வந்து நின்றார். நான் ஊர்த் தாடியையெல்லாம் மழித்துவிட்டு, என் தாடியை மட்டும் நெஞ்சு வரைக்கும் வளர்த்து வைத்திருப்பவன்.

"மாப்பிள்ளை, கொஞ்சம் ஆடாம உக்காரு."

"எதுக்கு மச்சான்?"

"நீதான் பாதிரியார்."

"நானா? நான் சர்ச் வாசப்படிகூட மிதிச்சதில்லையே!"

"தாடி இருக்குல்ல, போதும்."

மூன்று வாரம் தினமும் ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். கல்யாணமான நாளிலிருந்து நான் அவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டிருந்ததில்லை என்று என் மனைவி மகிழ்ந்துபோனாள். படம் அப்படியே என்னை உரித்து வைத்திருந்தது. அதுதான் வினையாய்ப் போயிற்று. அச்சகத்தில் வேலை பார்க்கும் மேஸ்திரி என் வாடிக்கையாளர். மாதிரிப் பிரதியைப் பார்த்த மாத்திரத்தில், "அட, நம்ம சலூன்காரரு!" என்று கத்திவிட்டார். இயக்குநர் மச்சானைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"உயிரோட இருக்கறவங்க முகம் தபால்தலையில வரக்கூடாது. முப்பது வருஷமா இங்கதானே இருக்கீங்க, தெரியாதா?"

தெரியாமல் என்ன? தாடிக்குள் ஆளை மறைத்துவிடலாம் என்று மச்சான் நம்பிவிட்டார். இயக்குநர் ஐந்து நாள் கெடு கொடுத்தார். அதற்குள் வேறு படம் வராவிட்டால் நடுவில் ஒரு சிலுவையும் புத்தகமும் போட்டு அச்சுக்கு அனுப்பிவிடுவார்கள். மச்சான் பழையபடி சுற்றிலும் கொடி வரையலாம்.

மறுநாள் வந்து சலூன் நாற்காலியில் பொத்தென்று விழுந்தார். "முடிய வெட்டு. பேச்சுக் குடுக்காத" என்றார். என் மூஞ்சியால்தானே இந்தக் கதி! பேசாமல் வெட்டி முடித்து, வழக்கம்போல் கைக்கண்ணாடியைப் பின்னால் பிடித்து அவர் பிடரியைக் காட்டினேன். எல்லோரும் ஒப்புக்குத் தலையாட்டிவிட்டு எழுந்திருப்பார்கள். இவர் கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை.

"மாப்பிள்ளை! பின்னாடியிருந்து பாத்தா நான் யாருன்னே தெரியலையே!"

"அதுக்கு?"

"பாதிரியார் எதுக்கு நம்மளப் பாக்கணும்? வார்த்தை சொல்றவங்களைத்தானே பாத்துக்கிட்டு உக்காந்திருப்பாரு!"

கழுத்தில் கட்டிய துணியோடு தெருவில் இறங்கி ஓடினார். அந்தத் துணி இன்றுவரை என் கைக்கு வரவில்லை.

நாலு நாள் அவர் அறைக் கதவு திறக்கவில்லை. ஐந்தாம் நாள், "ஒத்துக்கிட்டாங்க" என்று மட்டும் சொன்னார். படத்தை எங்கள் கண்ணில் காட்டவில்லை. வெளியீட்டு விழாவில்தான் பார்த்தோம். பாதிரியார் நமக்கு முதுகைக் காட்டி, மடியில் நோட்டோடு முக்காலியில் உட்கார்ந்திருக்கிறார். எதிரே ஒரு மீன்காரி மீனைத் தூக்கிப் பிடித்து, வாய்விட்டுச் சிரித்தபடி அதன் பெயரைச் சொல்கிறாள். என் மனைவி பூதக்கண்ணாடியும் கையுமாக வந்திருந்தாள்.

"என்னங்க! இது உங்க காது!"

சபை முழுக்கக் கேட்டது. முன்வரிசையில் இருந்த இயக்குநர் திரும்பினார். தபால்தலையைப் பார்த்தார், என் காதைப் பார்த்தார். நான் கையால் காதைப் பொத்திக்கொண்டேன்.

"காதுக்கெல்லாம் சட்டம் இல்லம்மா" என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

என் மனைவி சிரிக்கவில்லை. அவள் பூதக்கண்ணாடி மீன்காரியிடம் போயிருந்தது. முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே சந்து, சிரித்தால் பாதி மூடிக்கொள்ளும் இடது கண். என் மாமியார் போய்ச் சேர்ந்து பன்னிரண்டு வருஷமாகிறது. மேடையிலிருந்து இறங்கி வந்த மச்சான் தங்கையின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"உயிரோட இருக்கறவங்கதானே வரக்கூடாது" என்றார் மெதுவாக. "நமக்கு ஒவ்வொண்ணா காட்டிப் பேர் சொல்லிக் குடுத்தது அவங்கதானே."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "அம்மாவுக்கு மீன் வாடையே ஆகாதே அண்ணா! மூக்கைப் பொத்திக்கிட்டு ஓடுவாங்களே!" என்றாள். அதற்குமேல் இருவராலும் சிரிப்பை அடக்க முடியவில்லை. முப்பத்தோரு வருஷம் ஓரம் வரைந்த மனுஷன், முழுசாக ஒரு முகம் வரைந்துவிட்ட சந்தோஷத்தில் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

பிறந்ததிலிருந்து யாருக்கும் கடிதம் எழுதியிராத என் மனைவி, அன்று வீட்டுக்கு வந்ததும் தாளும் பேனாவுமாக உட்கார்ந்தாள். அத்தை, சித்தி, பெரியம்மா, ஒன்றுவிட்ட தம்பி என்று ஒருவரையும் விடாமல் இருபத்தேழு கடிதம் எழுதினாள்.