சூடோமோனாஸும் நான் மறைத்த மருந்தும்

போன வருடம் குலைநோய் என்கிற பூஞ்சை நோயில் எங்கள் நெல் மொத்தமும் பதராகப் போனது. பூஞ்சையை அடக்கும் நல்ல பாக்டீரியா என்று சூடோமோனாஸ் பொடி வாங்கிவந்தவர் என் வீட்டுக்காரர். மாவைத் தெளித்து வயலைக் கெடுத்தீர்கள் என்று ஊர் கேட்கத் திட்டினேன். அவர் இராஜபாளையத்தில் மில் வேலைக்குப் போய்விட்டார். இந்தப் புரட்டாசியில் விதைப்பதா, தரிசாகப் போடுவதா என்று தெரியவில்லை. விவசாய வாட்ஸ்அப் குழுவில் பழக்கமான, அதே பொடி போட்டு விளைவிக்கும் கான்சாபுரம் பேச்சியம்மாளைப் பார்க்கத் தனியாகக் கிளம்பினேன்.

சங்கரன்கோவிலில் காலை 6.10 பஸ், இராஜபாளையத்துக்கு 32 கிலோமீட்டர், 32 ரூபாய். அங்கே இறங்கி டீ குடித்தேன். வீட்டுக்காரர் இருக்கும் ஊர்தான், அவருக்குப் போன் பண்ணவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் 11 கிலோமீட்டர். அங்கிருந்து கான்சாபுரத்துக்கு டவுன் பஸ், பெண்களுக்கு இலவசம். பக்கத்து சீட்டில் என் பைதான் உட்கார்ந்து வந்தது. பேச அதற்கும் ஒன்றுமில்லை.

பேச்சியம்மாள் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கணவர் ராணுவத்தில், வயல் முழுக்க இவர் பாடு. கிலோ விதைக்குப் பத்து கிராம் பொடி கலந்து ஊறவைக்கிறார், பயிருக்கு வெயில் தாழ்ந்த பிறகே தெளிக்கிறார். நாங்கள் எப்படித் தெளித்தோம் என்று கேட்டார். யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன். பொடியை நம்பாமல், மிளகாய்க்கு வாங்கி மிச்சமிருந்த காப்பர் பூஞ்சை மருந்தை, என் வீட்டுக்காரருக்குத் தெரியாமல் அவர் பொடி கரைத்து வைத்திருந்த தெளிப்பான் டேங்கில் கலந்திருந்தேன்.

"ஏட்டி, அது உசிருல்லா. காப்பர் பட்டா செத்துரும். பொறவு பயிரை எப்படிக் காக்கும்?"

வெட்கமாக இருந்தது. திரும்பும்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் கால் கிலோ பால்கோவா வாங்கிக்கொண்டு, மூன்று மணிக்கு இராஜபாளையத்தில் அவருடைய மில் வாசலில் போய் நின்றேன். பஞ்சு ஒட்டிய தலையோடு வந்தார், இளைத்திருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன்.

"தெரியும். டேங்கைக் கழுவும்போது அடியில நீலமாப் படிஞ்சிருந்துச்சு."

அன்றைக்கே ஏன் கேட்கவில்லை என்றேன்.

"நீயே சொல்லுவேன்னு இருந்தேன்."

ஷிப்ட் இருக்கிறது என்று உள்ளே போய்விட்டார். வீட்டுக்குத் திரும்பி வருவாரா என்று நான் கேட்கவில்லை. பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன்.

நாளை விதை ஊறப்போடுகிறேன். போகிறவர்களுக்கு: கான்சாபுரம் பஸ் அடிக்கடி கிடையாது, திரும்பும் நேரத்தைக் கண்டக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பொடியை வெயிலில் வைக்காதீர்கள். வேறு மருந்தோடு கலக்காதீர்கள். கலந்துவிட்டால், அன்று சாயங்காலமே வீட்டில் சொல்லிவிடுங்கள்.