ஐந்து நிமிடம் பார்க்கலாம்

மகள் உயிரோடு இருந்தவரை அந்தத் தோட்டத்துக்கு நான் போனதே இல்லை. அவள் இறந்து ஐந்து மாதம் கழித்துத்தான் போனேன்.

ஒரு காலத்தில் ஜாதிக்காய் பயிரிட்ட குன்று அது. உச்சியில் வெள்ளைக்காரத் துரை கட்டிய பங்களா, சுற்றிலும் மரபுடைமை மரங்கள் என்று பலகை வைத்த பழைய மரங்கள். மகளுக்கு ஜூரோங்கில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை. மாதம் ஒரு ஞாயிறு இங்கே சம்பளமில்லாத் தொண்டூழியராக, வருகிறவர்களுக்குத் தோட்டத்தைச் சுற்றிக் காட்டுவாள்.

"அப்பா, ஒரு சண்டே கடைய மூடிட்டு வாங்களேன். ரெண்டு மணி நேரம்தான் லா."

"அடுத்த மாசம் கண்டிப்பா வரேம்மா."

சிராங்கூன் ரோட்டில் சூட்கேஸ் கடை வைத்திருக்கிறேன். ஊருக்குப் போகும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் ஞாயிற்றுக்கிழமைதான் வாங்க வருவார்கள். நான்கு வருடம் அதையே சாக்காகச் சொன்னேன். ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், தலை வலிக்கிறது என்று வேலையிடத்தில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டதாம். முப்பத்தொரு வயது.

நான் தோட்டத்துக்குப் போன அன்றைக்குச் சுற்றிக் காட்டியவர் ஒரு சீனப் பெண்மணி, ஐம்பது வயதிருக்கும். நான் யாரென்று அவரிடம் சொல்லவில்லை. கூட்டத்தோடு கடைசியாக நடந்தேன். அகலமாகக் கிளை விரித்த ஒரு மரத்தடியில் நின்று அவர் ஆங்கிலத்தில் சொன்னார்:

"சாயங்காலமானால் இது இலைகளை மூடிக்கொள்ளும். தமிழில் இதற்கு நல்ல பெயர் உண்டு. தூங்கு... மூஞ்சி."

அர்த்தத்தை விளக்கியதும் எல்லாரும் சிரித்தார்கள்.

"என்னோடு இங்கே சுற்றிக் காட்டிக்கொண்டிருந்த தோழி சொல்லிக்கொடுத்தது. அவளுக்கு அவள் அப்பா சொன்னாராம். அப்பாவுக்குத் தெரியாத மரமே இல்லை என்பாள்."

எனக்கு மரங்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஒருநாள் கடையில் கூட்டம் நெரியும்போது மகள் போனில் கேட்டாள், "சாயங்காலம் இலைய மூடிக்குமே ஒரு மரம், தமிழ்ல அதுக்கு என்னப்பா பேரு?" என்று. எல்லாருக்கும் தெரிந்த பெயர்தான்; சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அரை நிமிடம்கூட இருக்காது. அதை வைத்துக்கொண்டு என்னைப் பெரிய ஆளாக்கியிருக்கிறாள்.

பெண்மணி என் பக்கம் திரும்பினார். "அங்கிள், நான் சரியாகச் சொன்னேனா?"

சரி என்று சொல்ல வாயைத் திறந்தேன். மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் அருகில் வந்து என் முகத்தையே பார்த்தார்.

"நீங்கள் அவளுடைய அப்பாவா?"

தலையாட்டினேன். கூட்டத்தை இன்னொரு தொண்டூழியரிடம் விட்டுவிட்டு என்னைப் பங்களாப் படியில் உட்காரவைத்தார். தண்ணீர் கொடுத்தார். கொஞ்ச நேரம் கழித்து, தயங்கித் தயங்கிச் சொன்னார்:

"ஒவ்வொரு தடவையும் கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு கிளம்புவதற்கு முன்னால் கேட் பக்கம் பார்ப்பாள். ஐந்து நிமிடம் பார்க்கலாம், அப்பா வந்தாலும் வருவார் என்பாள்."

முன்பின் தெரியாதவர்கள் நடுவில் நான் சத்தமாக அழுதேன். அவர் என் தோளில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கதவைத் திறந்தாள்.

"என்ன சொன்னாங்க?"

"உன் பொண்ணு சொல்லிக்கொடுத்த தமிழ்ப் பேர அங்க இன்னமும் சொல்றாங்க."

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். மகள் காத்திருந்ததை நான் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.