அலுமாரிக் கண்ணாடி

எழுத உந்துதல் எங்கிருந்து வருகிறது என்று கேட்பவர்களுக்கு நான் பெரிய புத்தகங்களைச் சொல்வேன். அதுதான் மரியாதை. உண்மையில் போன மாதம் அது ஓர் அலுமாரியிலிருந்து வந்தது.

ஊர்காவற்றுறையிலிருந்து அனலைதீவுக்குப் போகும் படகில் சீமெந்து, ஆடு, காஸ் சிலிண்டர் எல்லாம் எங்களோடுதான் வரும். அன்று யாரோ புதிதாக வாங்கிய அலுமாரியை நடுவில் நிறுத்திக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். கதவில் ஆளுயரக் கண்ணாடி. படகு புறப்பட்டதும் பெண்கள் தலைமயிரைச் சரிசெய்ய எழுந்தார்கள். பின்னால் ஆண்களும், வெட்கமே இல்லாமல். படகு சரிந்தது.

"எல்லாரும் ஒரு பக்கம் நிக்க ஏலாது! ஒவ்வொருத்தராப் பாருங்கோ!" என்று படகுக்காரர் கத்தினார்.

உடனே வரிசை உண்டானது. பஸ்ஸுக்குக்கூட எங்கள் சனம் வரிசையில் நின்றதில்லை. நானும் நின்றேன். ஒரு கிழமையாக ஒரு வரிகூட எழுத வராதவனின் முகம் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசை. அது பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

"அண்ணை, பாத்தது காணும், தள்ளி நில்லுங்கோ" என்றார் மீன்கூடையோடு பின்னால் நின்றவர்.

அன்று பின்னேரமே கதை வந்துவிட்டது. பெரிய புத்தகங்கள் எதுவும் எனக்கு அந்த மீன்கூடைக்காரர் அளவுக்குத் தெளிவாகப் புத்தி சொன்னதில்லை.