முனியாண்டிக்குப் பின்னால் ஒரு போத்தல்

என் அண்ணனோடு நான் பேசுவதில்லை. கேட்பவர்கள் எல்லாரும், "கூடப் பொறந்தவன்தானே, விடுலா" என்கிறார்கள். விட்டுத் தள்ள அது என்ன வாசலில் கிடந்த குப்பையா? என் பிள்ளையின் உயிர்.

அண்ணனுக்கு, எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டத்தில் புல்லுக்கு மருந்து அடிக்கிற வேலை. மருந்து என்பது பேச்சுக்கு. அது விஷம். தோட்டத்து ஓரத்தில் இருக்கும் முனியாண்டி கோயிலுக்கும் அவன்தான் பூசாரி. ஞாயிற்றுக்கிழமை பூசையில் வாழை இலை விரித்துக் கோழிக்கறி, சுருட்டு, ஆரஞ்சு போத்தல் எல்லாம் படைப்பான். பூசை முடிந்ததும் அந்த ஆரஞ்சைப் பிள்ளைகளுக்கு ஊற்றிக் கொடுப்பது எங்கள் வழக்கம். அதனால் முனியாண்டி கோயில் என்றாலே எங்கள் பிள்ளைகளுக்கு ஆரஞ்சுதான். அங்கே எந்தப் போத்தல் இருந்தாலும் அது தங்களுக்கு என்றுதான் நினைக்கும். நாம்தானே பழக்கினோம்!

அன்றைக்கு என் வீட்டுக்காரர் லோரி எடுத்துக்கொண்டு ராசா ஊர்ப் பக்கம் போயிருந்தார். நானும் நாலு வயது மகனும் மட்டும் பூசைக்குப் போனோம். பூசை இன்னும் ஆரம்பிக்கவில்லை. பெண்கள் நாங்கள் கோயிலுக்கு வெளியே நின்று தேங்காய் துருவிக்கொண்டிருந்தோம். அப்போது மகன் சிலைக்குப் பின்னாலிருந்து வந்தான். கையில் ஓர் ஆரஞ்சு போத்தல். மூடியைத் திருகிக்கொண்டே வருகிறான். உள்ளே பாதிதான் இருந்தது. சாமிக்கு எவனாவது பாதிப் போத்தல் வைப்பானா? அண்ணனின் மருந்து ஞாபகம் வந்தது.

செருப்பைக் கழற்றவில்லை. அப்படியே உள்ளே ஓடி அவன் கையிலேயே ஓங்கி ஓர் அடி போட்டேன். போத்தல் தெறித்துப் போய்ச் சுவரில் மோதிக் கொட்டியது. புல்லு மருந்தின் நாற்றம் எனக்குத் தெரியாதா? அண்ணன் வேலை விட்டு வரும்போது அவன் சட்டையில் அதுதானே வீசும். மகன் வீரிட்டு அழுதான். அவன் வாயை, விரல்களை மோந்து மோந்து பார்த்தேன். வாய்க்குப் போகவில்லை. இருந்தாலும் கையைக் குழாயில் கழுவிவிட்டு, கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

திரும்பி வந்து அண்ணனைப் பிடித்துக்கொண்டேன். அவன் முகத்தில் ஒரு பதற்றம் இருக்க வேண்டுமே? இல்லை.

"வீட்டுல வச்சா புள்ளைங்க எடுத்துரும்னுதானே இங்க கொண்டாந்து வச்சேன்? சாமி எடத்துல எவன் கை வைப்பான்?"

"எம்புள்ள வச்சானே! ஆரஞ்சு போத்தல்ல ஊத்தி வச்சா அவனுக்கு என்னாண்ணே தெரியும்?"

"அதான் ஒன்னும் ஆகலைலா. முனியாண்டி காப்பாத்திட்டாரு."

அடப்பாவி! ஓடினது நான். காப்பாற்றினது முனியாண்டியாம்.

ஒன்றும் ஆகாமல் போனதால் அங்கே யாருக்கும் அவன் மேல் கோபம் வரவில்லை. வந்த கோபமெல்லாம் என் செருப்பின் மேல்தான். செருப்புக் காலோடு உள்ளே போய்விட்டேனாம், தீட்டாகிவிட்டதாம். நான் கோயிலைக் கழுவிவிட்டு, எலுமிச்சம்பழம் வைத்து, விழுந்து கும்பிட வேண்டுமாம். விஷத்தை வைத்தவனுக்கு ஒரு பரிகாரமும் கிடையாது. அவன்தான் பூசாரியாச்சே, அவனுக்கு யார் சொல்வது? என்னோடு சேர்ந்து தேங்காய் துருவிய பெண்கள்கூட, "நீயும் கொஞ்சம் பொறுமையா போயிருக்கலாம்" என்றார்கள். பொறுமையாகப் போயிருந்தால் பாடைதான் கட்டியிருக்க வேண்டும். நான் கழுவவும் இல்லை, கும்பிடவும் இல்லை.

கொஞ்ச நாள் கழித்து அண்ணன் மோட்டார் சைக்கிளில் வீட்டுக்கு வந்தான். வாசலில் நின்றபடியே, "எல்லாம் சரி பண்ணிட்டேன், வந்து பாரு" என்றான். சனியன், இத்தோடு சண்டை ஒழியட்டும் என்று மகனையும் கூட்டிக்கொண்டு போனேன்.

சிலைக்குப் பின்னால் போனோம். அதே மூலையில் இன்னோர் ஆரஞ்சு போத்தல், நிறைய மருந்தோடு. அதன் மேல் கறுப்பு மையால் 'விஷம்' என்று தமிழிலும் மலாயிலும் கொட்டை கொட்டையாக எழுதி வைத்திருந்தான்.

"இப்ப போதுமா?" என்றான். அதில் ஒரு பெருமை வேறு.

காறித் துப்பலாம் போல வந்தது. கோயிலாயிற்றே என்று அடக்கிக்கொண்டு, மகனின் தோளைப் பிடித்து முன்னால் நிறுத்தினேன்.

"இது என்னாடா கண்ணு? மாமாகிட்ட சொல்லு."

அவன் போத்தலில் ஒட்டியிருந்த பழப் படத்தைப் பார்த்தான். மறுபடி அடிப்பேனோ என்று என் முகத்தைப் பார்த்தான். பிறகு மெதுவாகக் கையை நீட்டினான்.

"ஆரஞ்சு," என்றான். "மாமா எனக்கா வச்சிருக்காரு?"