ஊசி போட்ட மாட்டுப் பால்

சிம்பாங் ரெங்கத்தில் இருக்கும் என் டீக்கடைக்குப் பால் ஊற்றுபவள் தேன்மொழி. ஒரு காலத்தில் பாதி ஊருக்கே அவள் பால்தான். இப்போது மாடுகள் நிற்கின்றன, பாலும் கறக்கிறது, வாங்கத்தான் என்னை விட்டால் ஆள் இல்லை. அதற்குக் காரணம் கேட்டால் ஊரில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். ஒன்றையும் நம்பாதீர்கள். நடந்ததை நான் சொல்கிறேன்.

வேலை பார்த்த தோட்டம் கைமாறியபோது கிடைத்த நஷ்டஈட்டில் அக்காளும் தம்பியும் மாடு வாங்கினார்கள். தம்பி கனகராஜ் தனிப்பட்டி, அவள் தனிப்பட்டி. மேய்வதெல்லாம் ஒரே செம்பனைக் காட்டில். அவள் கல்யாணம் கட்டவில்லை. தம்பி மகள் லோஷினிதான் அவளுக்கு எல்லாம். பள்ளி வேன் பிள்ளையை அத்தை வீட்டு வாசலில் இறக்கிவிடும். அவள் பாலைப் பொங்கக் காய்ச்சி, ஆடையை எடுத்துவிட்டு, மைலோ கலந்து வைத்திருப்பாள். ஒரு துளி ஆடை மிதந்தாலும் அந்தக் குட்டி மூஞ்சியைச் சுளித்துவிடும்.

மாட்டு டாக்டர் சுகுமாறன் ஒருநாள் என் கடையில் உட்கார்ந்து அக்காள் தம்பி இருவரிடமும் பேசினார். மாட்டின் குடலில் ஒரு கிருமி இருக்கிறது, அதனால் மாட்டுக்கு ஒன்றும் ஆகாது, சாணியோடு வெளியே வந்து பாலில் பட்டால் மனிதர்களுக்குத்தான் ஆபத்து, அதிலும் சின்னப் பிள்ளைகளுக்குச் சிறுநீரகமே போய்விடலாம் என்றார். அதற்கு ஊசி வந்திருக்கிறது, சோதனையாகச் சில பட்டிகளில் போடுகிறோம், இலவசம் என்றார்.

"மாடு நல்லாத்தானே டாக்டர் இருக்கு? நல்லா இருக்கிற மாட்டுக்கு எதுக்கு ஊசி?" என்றான் கனகராஜ்.

"மாட்டுக்காக இல்லங்க. குடிக்கிறவங்களுக்காக."

"அலமாக்! குடிக்கிறவனுக்கு நோய் வரும்னா அவனுக்குப் போடுங்க லா."

கடையே சிரித்தது. தேன்மொழி சிரிக்கவில்லை.

"போட்டா சுத்தமா போயிருமா டாக்டர்?"

"அப்படிப் பொய் சொல்ல மாட்டேன். ரொம்பக் குறையும். பாலை எப்படியும் காய்ச்சித்தான் குடிக்கணும்."

"அப்ப எனக்குப் போடுங்க. எங்க லோஷினி குடிக்கிற பாலு."

போட்டார்கள். ஊசி போட்ட இரண்டு நாள் மாடுகள் சோர்ந்து கிடந்தன, பால் கொஞ்சம் குறைந்தது. பிடித்துக்கொண்டார்கள் ஊர்க்காரர்கள்! தேன்மொழி பாலில் மருந்து கலந்திருக்கிறதாம், நிறம் மாறிவிட்டதாம். நாள் முழுக்க அந்தப் பாலைக் கொதிக்கவிட்டு டீ ஆற்றுகிறவன் நான். என் கண்ணுக்குத் தெரியாத நிறம் இவர்கள் கண்ணுக்குத் தெரிந்ததாம்.

அடுத்து வந்தது பங்குனி உத்திரம். கோயிலுக்கு வருஷா வருஷம் பால் கொடுப்பவள் தேன்மொழிதான். அந்த வருஷம் தலைவர் ஐயாசாமி, "ஊசி போட்ட மாட்டுப் பால் அம்மனுக்கு ஆகாதும்மா, தப்பா நினைச்சுக்காதே" என்று சொல்லி, பால்குடத்துக்கான பாலைக் கனகராஜிடம் எடுத்துக்கொண்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோவிட் காலத்தில் இந்த மனுஷன் வரிசையில் நின்று மூன்று ஊசி போட்டுக்கொண்டவர். அவர் தொட்டால் அம்மனுக்கு ஆகும். மாட்டுக்குப் போட்டால் ஆகாது!

தேன்மொழி வரும்படி போனதற்காக வாய் திறக்கவில்லை. வேறொன்றுக்காகக் கோயிலுக்கு ஓடினாள்.

"தலைவரே, அபிஷேகம் எந்தப் பால்லயும் பண்ணுங்க. பிள்ளைங்களுக்குப் பிரசாதமா கொடுக்கிறத மட்டும் காய்ச்சிக் கொடுங்க."

"அம்மன் மேல பட்ட பாலை அடுப்புல வைக்கச் சொல்றியா?" என்று அவர் கத்தினார்.

கனகராஜின் மனைவி ரூபினி பக்கத்தில் நின்று பூ கட்டிக்கொண்டிருந்தாள். தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "ஆர்டர் கைவிட்டுப் போன வயித்தெரிச்சல் அண்ணிக்கு. தம்பி நாலு காசு பார்த்தா பொறுக்கல" என்றாள்.

அந்த ஒரு பேச்சில் தேன்மொழியின் வாய் கட்டிப்போனது. அதற்குப் பிறகு அவள் என்ன சொன்னாலும் அது வயிற்றெரிச்சல்தானே? மானமுள்ளவள். திரும்பி வந்துவிட்டாள்.

திருவிழாவன்று லோஷினிக்கு முதல் பால்குடம். மஞ்சள் பாவாடையும் சின்னக் குடமுமாகக் காலையிலிருந்து பட்டினியாக, வெயிலில் நடந்து வந்தது பிள்ளை. அபிஷேகம் முடிந்து பால் கொடுத்தார்கள். மற்றவர்கள் உள்ளங்கையில் வாங்கி ஒரு மடக்குக் குடித்தார்கள். ரூபினி பிள்ளை பசியாக இருக்கிறதே என்று ஒரு டம்ளர் நிறைய வாங்கிக் கொடுத்தாள். தேன்மொழி பக்கத்தில்தான் நின்றாள், நானும் நின்றேன். "கண்ணு, வேணாம், அத்தை வீட்டுக்கு வா, தரேன்" என்று கையை நீட்டினாள்.

"நீ குடிம்மா. அம்மன் பால்" என்றாள் ரூபினி, நாத்தனாரை முறைத்தபடி.

நீட்டிய கையைத் தேன்மொழி இழுத்துக்கொண்டாள்.

அந்த வாரமே ஊரில் பலருக்கு வயிற்றுப்போக்கு வந்து, தானாக நின்றது. லோஷினிக்கு நிற்கவில்லை. இரத்தமாகப் போனது. பிறகு மூத்திரம் நின்றது, முகம் வீங்கியது. குளுவாங் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், அங்கிருந்து ஜேபி பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். பிழைத்தது. ஆனால் இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. இப்போது வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ். எட்டு வயதுகூட நிரம்பாத பிள்ளை, தாகத்துக்குத் தண்ணீர் கேட்டால் அளந்து கொடுக்கிறார்கள். பாவி மனம் ஆறுமா?

சுகாதார இலாகாவிலிருந்து வந்து இரண்டு பட்டியிலும் சாணி எடுத்துப் போனார்கள். பிள்ளையின் உடம்பில் இருந்த அதே கிருமி கனகராஜ் மாடுகளில் இருந்தது. தேன்மொழி மாடுகளில் இல்லை. இனியாவது அவளிடம் வந்து ஒரு வார்த்தை சொல்வார்கள் என்று எதிர்பார்த்தேன். எவன் வந்தான்? "நம்மாளுங்க மாட்டுப் பாலே வேணாம்பா" என்று சொல்லி ஐயாசாமி கோயிலுக்குப் பாக்கெட் பால் ஏற்பாடு செய்தார். ஊரும் அவர் பின்னால் போனது. கனகராஜ் மாடுகளை விற்றுவிட்டு ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைகிறான். அக்காள் முகத்தைப் பார்ப்பதில்லை.

போன மாதம் ஒரு மத்தியானம், ஜேபியிலிருந்து திரும்பும் வழியில் ரூபினி என் கடை முன்னால் காரை நிறுத்தினாள். பின்சீட்டில் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. தேன்மொழி அப்போதுதான் பால் கேனை இறக்கிக்கொண்டிருந்தாள். மன்னிப்புக் கேட்கத்தான் வருகிறாள் என்று நினைத்து நான் ஒதுங்கப் பார்த்தேன்.

"உங்களுக்குத் தெரியும்ல அண்ணி?" என்று கேட்டாள் ரூபினி. "தெரிஞ்சும் சும்மாதானே நின்னீங்க? அந்த டம்ளரத் தட்டி விட்டிருக்கக் கூடாதா? ஒரு அறை கொடுத்தாவது புடுங்கியிருக்கக் கூடாதா?"

எனக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. வயிற்றெரிச்சல் என்று சொன்ன வாயா இது என்று கேட்க நினைத்தேன். தேன்மொழி என்னைப் பார்த்துத் தலையசைத்துத் தடுத்தாள்.

"தட்டி விட்டிருக்கணும் ரூபினி," என்றாள். "தட்டி விட்டிருந்தா பிள்ளைக்கு ஒண்ணும் ஆகியிருக்காது. ஒண்ணும் ஆகலைங்கிறதாலயே அம்மன் பாலைக் கொட்டினவள்னு நீ என்னை ஆயுசுக்கும் திட்டியிருப்ப. நான் சொன்னது சரின்னு யாருக்குமே தெரிஞ்சிருக்காது. அந்தத் திட்டை நான் வாங்கிக்கிட்டிருக்கணும்."