பெடகாஜி பேப்பருக்கு முந்தின நாள்

தோளில் பையோடு புதுப்பட்டினம் கடைத்தெருவைத் தாண்டி, கல்பாக்கம் பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். ஆறு மாதம் டீ மாஸ்டராக நின்ற கடையை அன்று மதியம் விட்டுவிட்டேன். சண்டை ஒன்றுமில்லை. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியதிலிருந்து எனக்கு ஓரிடத்தில் கால் நிற்காது. செங்கல்பட்டு போனால் ரயில். அதற்குமேல் யோசிக்கவில்லை.

பின்னாலேயே நசீமா ஓடிவந்தாள். கடைக்கு எதிர்வீடு. கணவர் நாவலூரில் கம்பெனி வண்டி ஓட்டுகிறார், வாரம் ஒருமுறைதான் வருவார். மகள் ஆயிஷாவுக்கு நான்கு வயது. ஸ்கூல் வேனைக் கண்டாலே அழுவாள். அம்மாவை விட்டால் என்னிடம் மட்டும் வருவாள். பால் நுரையை ஸ்பூனில் கொடுத்துப் பழக்கியிருந்தேன்.

மறுநாள் தொடங்கி நசீமாவுக்குச் செங்கல்பட்டில் பி.எட். பரீட்சை. போன தடவை குழந்தையின் அழுகையில் பஸ்ஸை விட்டு, ஒரு பேப்பரையே விட்டவள். பரீட்சை முடியும்வரை ஆயிஷாவைப் பள்ளிக்கு அழைத்துப் போய் வர முடியுமா என்று கேட்டாள். சம்பளம் தருவதாகவும் சொன்னாள். நான் ரோட்டைப் பார்த்தேன்.

கையிலிருந்த புத்தகத்தைக் காட்டினாள். "நாளைக்கு பெடகாஜி பேப்பர்ணே, பாடம் சொல்லிக் குடுக்குற முறை. அந்தப் பேரு எங்கிருந்து வந்துச்சுன்னு மொதப் பக்கத்துலயே போட்டுகீது. கிரேக்க தேசத்துல அந்தக் காலத்துல, புள்ளையக் கையப் புடிச்சு பள்ளிக்கூடத்துக்கு இட்டுக்கினு போன அடிமைக்கு உள்ள பேராம். பாடம் முடியற வரைக்கும் அங்கயே குந்திகினு இருப்பானாம்."

"அடிமையா?"

"வேற வேலைக்கு ஆவாத ஆளத்தான் அனுப்புவாங்களாம். கோச்சுக்காத."

"எனக்குன்னே எழுதுனா மாதிரி கீது" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. "நீ பூட்டா நான் எழுத முடியாதுண்ணே."

பஸ் வந்து, நின்று, போனது. பையைக் கொண்டுபோய்க் கடை பெஞ்சுக்கு அடியில் மறுபடி வைத்தேன்.

காலையில் ஆயிஷா என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டாள். ஆட்டைக் கண்டால் நின்றாள், மீன் கூடையைக் கண்டால் நின்றாள். நானும் நின்றேன். ஓர் இடத்தை விட்டுப் போவதற்கு மட்டுமே நடந்து பழகியவன் நான். இன்னொருவர் காலுக்கு ஏற்ப நடப்பதை அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன்.

கேட்டில் அவள் விரலை விடவில்லை.

"நீ பூடுவியா?"

"இங்கயேதான் குந்திகினு இருப்பேன்."

திரும்பித் திரும்பிப் பார்த்தபடி உள்ளே போனாள். அழவில்லை. அந்நேரம் நசீமாவின் பஸ் செங்கல்பட்டை நெருங்கியிருக்கும்.

வாட்ச்மேன் வந்தார். "யாருபா நீ? இங்க இன்னா வேலை உனக்கு?"

"கொயந்தைய இட்டுக்கினு வந்தேன். பெல் அடிச்சா இட்டுக்கினு போவணும்" என்றேன். "அதான் வேலை."