குதிரையில் ஏறிய பேய்

மாமியின் பேத்திக்கு மனவருத்தம். கனடாவில் இருக்கிறார்கள். பள்ளிக்கூடம் போகாமல் அறையைப் பூட்டிக்கொண்டு கிடந்த பிள்ளையை வைத்தியர் ஒரு குதிரைப் பண்ணைக்கு அனுப்பினாராம். குதிரையைத் தேய்த்துவிட்டு, கயிற்றைப் பிடித்து மெல்ல நடத்திக்கொண்டு போவதுதான் சிகிச்சை. பிள்ளை இப்போது சிரிக்கிறாள், சாப்பிடுகிறாள். போன ஞாயிற்றுக்கிழமை மாமியே தொலைபேசியில் சொன்னார்.

"குதிரை எண்டால் தெய்வம் மாதிரி, பிள்ளை. நானும் போய்த் தடவிப் பாத்தனான்."

"நல்லது மாமி" என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டேன். அக்கா அடுத்த அறையில் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள். அவளைப் பற்றி மாமி ஒரு சொல் கேட்கவில்லை. கோபம் ஆறும் என்று பொறுத்துப் பார்த்தேன். ஆறவில்லை. ஆகவே நடந்ததை நடந்த ஒழுங்கில் எழுதுகிறேன்.

1987 ஐப்பசியில், இந்திய இராணுவத்தோடு சண்டை தொடங்கியபோது, எனக்கு ஒன்பது வயது, அக்காவுக்குப் பதினாறு. ஊர்ச்சனத்தோடு கோயில் மண்டபத்தில் தங்கியிருந்தோம். அங்கே விழுந்த ஷெல் அக்காவின் தோழியைக் கொன்றது. இருவரும் ஒரே பாயில் இருந்தவர்கள். பண்டத்தரிப்பில் எங்கள் வீட்டுக்குத் திரும்பிய பிறகு அக்கா கதைக்கவில்லை. ஊட்டினால் சாப்பிட்டாள். ஹெலிகொப்டர் சத்தம் கேட்டால் கட்டிலுக்குக் கீழே போய்விடுவாள்; பிறகு அவளை வெளியே எடுப்பது அம்மாவின் வேலை.

மாமி அப்பாவின் தமக்கை. அவர் சொல்லை அப்பா தட்டியதில்லை. மாமி ஒரு மந்திரவாதியைக் கூட்டிவந்தார். அவர் நீற்றுப்பூசணிக்காய் வெட்டிக் கழிப்புக் கழித்து, அக்காவின் கையில் கறுப்பு நூல் கட்டி, காரணமும் கண்டுபிடித்துச் சொன்னார்: செத்த பெட்டைதான் வந்து பிடித்திருக்கிறாள். அக்கா கேட்டுக்கொண்டு இருந்தாள். நூல் கட்டி ஒரு மாதமாகியும் ஒரு மாற்றமும் இல்லை.

குதிரை வந்தது தை மாதத்தில். கொண்டுவந்தவர் சித்தப்பா. எந்த யோசனையையும் பாதிவழிவரை நடத்துபவர். பெற்றோல் கிடைக்காத காலம். நெடுந்தீவில் சும்மா திரியும் மட்டக்குதிரை ஒன்றைப் பிடிப்பித்து, கண்ணைச் சாரத்துணியால் கட்டி, வள்ளத்தில் ஏற்றி வந்துவிட்டார். மாடு பூட்டும் எங்கள் திருக்கல் வண்டியில் அதைப் பூட்டி, யாழ்ப்பாணத்துக்கு ஆட்களை ஏற்றுவதுதான் திட்டம். எங்கள் ஒழுங்கைச் சனம் முழுவதும் பார்க்க வந்தது. குதிரை இரண்டு தரம் உதைத்தது. வண்டியின் ஏர்க்கால் முறிந்தது.

"நீர் இழுமன்! குதிரை ஏறி இருக்கட்டும்!" என்று யாரோ வேலிக்கு அப்பாலிருந்து கத்தினார்கள். சித்தப்பா அதன் பிறகு அந்தக் குதிரையின் முகத்தைப் பார்க்கவில்லை. வீட்டுக்குப் பின்னால் பூவரச மரத்தில் கட்டிவிட்டார்.

யாரையும் அது கிட்ட விடவில்லை. விரைவாகப் போனால் பின்வாங்கும். சத்தம் போட்டால் கண்ணை உருட்டும். அக்கா பின்வாசற்படியில் போய் இருக்கத் தொடங்கினாள். பிறகு மரத்துக்குக் கொஞ்சம் கிட்ட. அவள் மூச்சை மெதுவாக இழுத்து மெதுவாக விடுவாள்; குதிரை காதைத் திருப்பும். ஒரு காலை அது தானாகவே வந்து அவளுடைய தோளை முகர்ந்தது. அன்று முதல் அதற்குப் புல்லும் தண்ணீரும் வைப்பது, தும்புக்கட்டையால் உடம்பைத் தேய்ப்பது எல்லாம் அக்கா. தேய்த்துவிட்டு வந்து, ஊட்டாமலே சாப்பிட்டாள்.

ஒரு மத்தியானம் ஹெலிகொப்டர் தாழப் பறந்தது. அம்மா கட்டிலடிக்கு ஓடினார். அக்கா அங்கே இல்லை. குதிரை கயிற்றை அறுக்கப் பார்த்து நடுங்கிக்கொண்டு நின்றது; அக்கா அதன் கழுத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஒண்டுமில்லை. ஒண்டுமில்லையடா. அது போயிடும்."

அம்மா வாசலிலேயே இருந்து அழுதார். நான் ஒழுங்கை முழுவதும் ஓடிச் சொன்னேன்: "அக்கா கதைச்சிட்டா!"

மாமி வந்து முதலில் பார்த்தது அக்காவின் கையிலிருந்த நூலை. "நான் சொன்னனானெல்லே? நூல் வேலை செய்திட்டுது!"

மந்திரவாதி திரும்ப வந்தார். அக்காவைப் பார்த்தார், குதிரையைப் பார்த்தார். பேய் பெட்டையை விட்டுக் குதிரையில் ஏறிவிட்டது என்றார். அமாவாசைக்கு முன்னம் அதை வளவுக்கு வெளியே கொண்டுபோகாவிட்டால் திரும்பி வரும்.

அம்மா அப்பாவிடம், "உந்தக் குதிரையாலைதான் பிள்ளை கதைச்சவள். கண்ணாலை கண்டனான்" என்றார்.

"குதிரையோடை கொஞ்சுற பெட்டையை நாளைக்கு ஆர் கட்டுவான்? ஊர் என்ன கதைக்கும்?" என்றார் மாமி.

அப்பா எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்தவர். அவர் கையிலிருந்த பேப்பரை மடித்து, மாமியைப் பார்த்து, "அக்கா சொல்லுறபடி செய்வம்" என்றார். இந்த வசனத்தை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

அக்கா குளித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்துச் சித்தப்பா குதிரையை இழுத்துப் போனார். நெடுந்தீவில் கொண்டுபோய் விடுவதாகச் சொன்னார். வள்ளத்தில் போய்த் திரும்ப ஒரு நாளாவது வேண்டும்; அவர் மத்தியானச் சோற்றுக்கே வந்துவிட்டார். யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஈரத்தலையோடு மரத்தடிக்குப் போன அக்கா திரும்பி வந்து வீட்டின் நடுவில் நின்றாள். அவள் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை.

"எங்கை என்ரை குதிரை? ஆர் கொண்டு போனது?"

"பிள்ளை, அதிலை அவள் ஏறி—" என்று மாமி தொடங்கினார்.

"அவள் பேயில்லை! அவள் என்ரை சிநேகிதி! ஷெல் விழுந்து செத்தவளைப் பேய் எண்டுறியளோ?" அரிவாளை எடுத்துக் கையிலிருந்த நூலை அறுத்து அடுப்பில் எறிந்தாள். "விசர் எனக்கில்லை. உங்களுக்குத்தான்!"

"பாத்தியே தம்பி, திரும்ப ஏறீட்டுது" என்றார் மாமி.

அப்பாவும் சித்தப்பாவும் அவளைப் பிடித்து, அம்மாவின் சேலையால் கையைக் கட்டினார்கள். மந்திரவாதி வேப்பங்குழையால் அடித்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்று, பேய் கெதியாய்ப் போகவேண்டும் என்று கும்பிட்டேன். கத்திய அக்காவைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

மூன்றாம் நாள் அவள் அடங்கினாள். ஒரு சொல் இல்லை. அம்மா ஊட்டினார், சாப்பிட்டாள். மாமி கற்பூரம் கொளுத்தினார். "இப்பதான் பிள்ளை சுகமாகீட்டுது. எவ்வளவு அமைதியாய் இருக்கிறாள், பாருங்கோ."

கட்டை அவிழ்த்துவிட்டதும் அக்கா பின்வாசற்படியில் போய் இருந்தாள். நானும் பக்கத்தில் போய் ஒட்டிக்கொண்டு இருந்தேன். பூவரச மரத்தில் கயிறு தேய்த்த இடம் வெள்ளையாகத் தெரிந்தது. அக்கா அதைப் பார்த்தபடி, மூச்சை மெதுவாக இழுத்து மெதுவாக விட்டுக்கொண்டிருந்தாள். சுகமாகிவிட்டாள் என்றுதான் நானும் நினைத்தேன்.